விக்டோரியா ஏரியின் மீன் கணக்கு

ஓர் ஏரியில் உள்ள மீனில் ஆண்டுக்கு எவ்வளவு பிடித்து விற்கலாம், அப்படிப் பிடித்தால் அடுத்த ஆண்டும் அதே அளவு கிடைக்குமா என்பதை முன்கூட்டியே கணிப்பது மீன்வள அறிவியலின் அடிப்படை வேலைகளுள் ஒன்று. படகுக்கும் பனிக்கட்டி ஆலைக்கும் பணம் போடுபவருக்கு இந்தக் கணிப்பு தேவை. உரிமம் வழங்கும் அரசுக்கும் தேவை. ஏரியை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு எல்லோரையும்விட அதிகமாகத் தேவை. கடலோடு ஒப்பிட்டால் ஏரியில் இது எளிது என்று தோன்றும். நான்கு புறமும் கரை இருக்கிறது, மீன் எங்கும் போய்விடாது. ஆனால் அதே கரைதான் ஆபத்தும்: ஒரு வகை மீன் குறைந்துபோனால் அதை ஈடுசெய்ய வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. நீர்மட்டமும் கரையோரத்திலிருந்து வழிந்து வரும் சத்துகளும் மாறும்போது ஏரி முழுவதுமே மாறிவிடும்.

இந்த வேலையின் வலிமையையும் வரம்பையும் பார்க்க ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியைப் போன்ற இடம் வேறில்லை. ஒரு நூற்றாண்டுக்குள் அங்கே மூன்று முறை பெரிய அளவில் மீன் கணக்கெடுக்கப்பட்டது. மூன்றும் அந்தந்தக் காலத்தின் சிறந்த முறைகளோடு, பொறுப்பான ஆய்வாளர்களால் செய்யப்பட்டவை. ஆயினும் மூன்றும் கேட்ட கேள்விகள் வெவ்வேறானவை. ஏரிக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பகுதி, அந்தந்தக் கணக்கு கேட்காமல் விட்ட கேள்விகளின் வழியாகவே வந்தது.

விக்டோரியாவின் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். வெப்பமண்டல ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. இத்தனை பெரிய ஏரிக்கு ஆழம் குறைவு: சராசரி 40 மீட்டர், அதிகபட்சம் 80 மீட்டரை ஒட்டி. தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கென்யாவின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே. உகாண்டாவின் ஜிஞ்சா நகரருகே ஏரியிலிருந்து வெள்ளை நைல் புறப்படுகிறது. ஆழம் குறைந்த, வெயில் நிறைந்த நீர் என்பதால் பாசி நன்றாக வளரும். பாசியைத் தின்னும் மீனும் அப்படியே.

ஏரிக்குள் நுழையுமுன் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். யாரும் வலை போடாத நீர்நிலையில் மீனின் மொத்த எடை கூடிக்கொண்டே போவதில்லை. பிறப்பாலும் வளர்ச்சியாலும் சேரும் எடை, முதுமையாலும் நோயாலும் பெரிய மீன் தின்பதாலும் கழியும் எடைக்கு ஏறக்குறைய சமமாக நிற்கும். மீன்பிடிப்பு தொடங்கியதும் கூட்டம் மெலிகிறது. எஞ்சியவற்றுக்கு இரையும் இடமும் கூடுதலாகக் கிடைக்கின்றன. அவை வேகமாக வளர்கின்றன, குஞ்சுகளில் அதிகம் பிழைக்கின்றன. அப்போது ஆண்டுதோறும் ஓர் உபரி உருவாகிறது. அந்த உபரியை மட்டும் எடுத்தால் இருப்பு அப்படியே நிற்கும். மில்னர் ஷேஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1954இல் இதை ஒரு வளைகோடாக வடித்தார். இருப்பு, பிடிக்கப்படாத காலத்து அளவில் பாதியாக இருக்கும்போது உபரி உச்சத்தை எட்டும் என்பது அந்தக் கோட்டின் செய்தி. அந்த உச்சம் 'அதிகபட்ச நீடித்த விளைச்சல்' எனப்படுகிறது.

புதிதாகத் திறக்கப்படும் மீன்வளத்துக்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஜான் கல்லண்ட் பரப்பிய சூத்திரம் அது: பிடிக்கப்படாத இருப்பை ஆண்டு இயற்கை இறப்பு வீதத்தால் பெருக்கி அதில் பாதியை எடுக்கலாம். எடுத்துக்காட்டாக, ஓர் ஏரியில் 1,000 டன் மீன் இருக்கிறது, இறப்பு வீதக் குறியெண் 0.4 என்றால், ஆண்டுக்கு 200 டன் பிடிக்கலாம் என்று விடை வரும். பின்னர் வந்த ஆய்வுகள் 'பாதி' என்பது பல மீன்களுக்கு மிகை என்று காட்டின; மூன்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ பாதுகாப்பானது என்ற கருத்து வலுத்தது. சூத்திரத்தின் எளிமையே அதன் ஆபத்து. இருப்பு, இறப்பு வீதம் ஆகிய இரண்டு எண்களில் எது பிழைத்தாலும் விடையும் அதே அளவுக்குப் பிழைக்கும். இரண்டுமே பிடிகொடுக்காத எண்கள்.

முதலில் இறப்பு வீதம். குளிர்நாட்டு மீனின் செவிக்கல்லை, அதாவது தலைக்குள் உள்ள சிறு சுண்ணாம்புக் கல்லை, மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையங்களைப் போல ஆண்டு வளையங்கள் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால் விழும் கோடுகள் அவை. வளையத்தை எண்ணினால் வயது தெரியும். பல நூறு மீன்களின் வயது தெரிந்தால், வயது கூடக்கூட எத்தனை மிஞ்சுகின்றன என்பதிலிருந்து இறப்பு வீதம் தெரியும். நிலநடுக்கோட்டில் உள்ள விக்டோரியாவில் குளிர்காலம் இல்லை. செவிக்கல்லில் கோடுகள் விழுந்தாலும் அவை எந்தக் காலக் கணக்கைக் காட்டுகின்றன என்று எளிதில் சொல்ல முடியாது.

அதனால் வெப்பநாட்டு ஆய்வாளர்கள் நீளத்தை நம்ப வேண்டியிருக்கிறது. மாதாமாதம் கரைக்கு வரும் மீன்களை அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் வரை சென்டிமீட்டர் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். எடை பார்ப்பார்கள். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது, இரைப்பையில் என்ன கிடக்கிறது என்று எழுதுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்த நீளங்களை வரைபடமாக்கினால், ஒரே பருவத்தில் பிறந்த மீன்கள் ஒரு மேடாகத் தெரியும். அடுத்த மாதங்களில் அந்த மேடு வலப்புறம் நகரும். நகரும் வேகமே வளர்ச்சி வேகம். டேனியல் பாலி 1980இல், 175 மீன் இருப்புகளின் தரவுகளைக் கொண்டு, வளர்ச்சி வேகமும் நீரின் வெப்பமும் தெரிந்தால் இயற்கை இறப்பு வீதத்தை மதிப்பிடலாம் என்று ஒரு சமன்பாடு தந்தார். வயது தெரியாத மீன்களுக்கு அது பெரிய கொடை. ஆனாலும் கிடைப்பது பல மீன்களின் சராசரியிலிருந்து ஊகித்த எண். அந்த ஏரியில், அந்த மீனில் அளந்த எண் ஆகாது.

இருப்பை எண்ணுவதற்குச் சிறு ஏரிகளில் அடையாளமிடும் முறை பயன்படும். 500 மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, பிறகு 400 மீன் பிடிக்கும்போது அவற்றில் 20இல் அடையாளம் இருந்தால், இருபதில் ஒன்று அடையாளமிட்டது. ஆக ஏரியில் சுமார் 10,000 மீன். கணக்கு இவ்வளவுதான். அடையாளமிட்ட மீன்கள் சாகாமலும், மற்றவற்றோடு நன்றாகக் கலந்தும், வலைக்கு முன்போலவே அகப்பட்டும் இருந்தால் இது சரி. 68,800 சதுர கிலோமீட்டரில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. விக்டோரியாவில் வேறு வழிகளைத் தேடினார்கள். மூன்று கணக்குகளும் மூன்று வழிகளில் எடுக்கப்பட்டவை.

முதல் கணக்கு வலைக்கு எத்தனை மீன் என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1901இல் மொம்பாசாவிலிருந்து வந்த ரயில் பாதை ஏரிக்கரையை எட்டியது. 1905 வாக்கில் நூலால் பின்னிய செவுள் வலைகள் அறிமுகமாயின. கூடையும் பொறியும் நாணல் தடுப்பும் கொண்டு பிடித்துவந்த கரையோர மக்களுக்கு அது முற்றிலும் புதிய கருவி. நகரச் சந்தைக்கு ஏற்ற மீனாக முன்னே நின்றது 'ங்கேகே' என்று அங்கே அழைக்கப்படும் உள்ளூர்த் திலாப்பியா; பாசி தின்று வளரும், வாயில் முட்டையை அடைகாக்கும் மீன். தொடக்க ஆண்டுகளில் ஒரு வலைக்கு 50 முதல் 100 மீன் வரை விழுந்ததாகக் கூறப்படுகிறது. 1920களின் இறுதியில் அது பத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இதை ஆராய இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் மீன்வள ஆய்வகத்திலிருந்து மைக்கேல் கிரஹாம் அனுப்பப்பட்டார். 1927–28இல் அவர் ஏரியைச் சுற்றிவந்து ஆய்வு செய்தார். அறிக்கை 1929இல் வெளியானது. அவர் ஏரியின் மொத்த மீனையும் எண்ண முயலவில்லை. வலைக்கு விழும் மீன் எப்படிக் குறைந்துவருகிறது, குறைந்ததும் மீனவர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். மீன்பாடு குறைந்ததும் சிறிய கண் வலைகள் வரத்தொடங்கியிருந்தன. அவை சினை வைக்காத மீன்களையும் அள்ளின. ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த கண்ணுள்ள வலையைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவருடைய முதன்மைப் பரிந்துரை. அந்தக் கண்ணளவில் ங்கேகே பெரும்பாலும் ஒரு முறையேனும் இனப்பெருக்கம் செய்த பிறகே சிக்கும். 1930களின் தொடக்கத்தில் அது சட்டமானது. வேறிடத்திலிருந்து பெரிய கொன்றுண்ணி மீனைக் கொண்டுவந்து விடும் யோசனை அப்போதே இருந்தது. விரிவான ஆய்வில்லாமல் அதைச் செய்வது மிகுந்த ஆபத்து என்றும் கிரஹாம் எச்சரித்தார். பின்னால் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை வேதனை தருவது.

வலைக்கு எத்தனை மீன் என்ற அளவுகோல் மலிவானது, நெடுங்காலத்துக்குத் தொடரக்கூடியது. அதில் ஒரு குறையும் உண்டு: மீன் குறையும் வேகத்தை அது மறைத்துவிடும். மீனவர் மீன் இல்லாத இடத்தில் வலை போடுவதில்லை. அருகில் குறைந்ததும் தள்ளிப் போகிறார்கள். நூல் வலைக்குப் பதில் நைலான் வலை வருகிறது, துடுப்புக்குப் பதில் மோட்டார் வருகிறது. வலைக்கு விழும் எண்ணிக்கை அதே நிலையில் நிற்க, அடியில் இருப்பு கரைந்துகொண்டிருக்கும். 1950களில் விக்டோரியாவுக்கு நைலான் வந்தபோது இதுவே நடந்தது. எத்தனை வலை என்று எண்ணினால் போதாது; எப்படிப்பட்ட வலை என்றும் குறிக்க வேண்டும்.

கண்ணளவுச் சட்டம் நீடிக்கவில்லை. ஏரி முழுவதற்குமான மீன்வள நிர்வாகம் ஒன்று 1947இல்தான் உருவானது. மூன்று ஆட்சிப் பகுதிகளின் கரை நெடுகிலும் வலைகளைச் சோதிக்க அதனிடம் ஆளில்லை. பெரிய கண் வலையில் சிறிய திலாப்பியா வகைகள் சிக்குவதில்லை என்ற மீனவரின் குறையும் நியாயமானதே. உகாண்டாவும் தாங்கனிக்காவும் (இன்றைய தான்சானியா) 1956இல் தடையை நீக்கின. கென்யா 1961இல் நீக்கியது. இடையில் 1959இல், மீன்வளக் கணிதத்தின் முன்னோடியான ரே பெவர்ட்டன் வந்து நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். கண் சிறுத்தால் முதலில் மீன்பாடு கூடும், பிறகு முன்பிருந்ததைவிடக் கீழே போகும் என்பது அத்துறையின் அடிப்படைப் பாடம். ங்கேகே அந்தப் பாடத்தின்படியே குறைந்தது. 1960களில் வணிகத்துக்கான மீன் என்ற இடத்தையே அது இழந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கணக்கு 1969 முதல் 1971 வரை நடந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உணவு வேளாண் அமைப்பும் ஜிஞ்சாவில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்க நன்னீர் மீன்வள ஆய்வு நிறுவனமும் இணைந்து, இழுவலைக் கப்பலைக் கொண்டு ஏரி முழுவதையும் துழாவின. இந்த முறையின் கணக்கு நேரடியானது. வலையின் வாய் இத்தனை மீட்டர் அகலம், இத்தனை கிலோமீட்டர் இழுத்தது, ஆக இவ்வளவு பரப்பைத் துடைத்தது. அதில் இத்தனை கிலோ மீன். வெவ்வேறு ஆழங்களில் நூற்றுக்கணக்கான முறை இழுத்து, ஒவ்வோர் ஆழத்துக்கும் சராசரி கண்டு, அந்தந்த ஆழத்தின் பரப்பால் பெருக்கினால் மொத்த இருப்பு வரும். அ. வ. குடோங்கானியாவும் ஆல்மோ கார்டோனும் 1974இல் வெளியிட்ட முடிவு திகைக்கவைத்தது. ஏரியடி மீன்களின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு 'ஃபுரு' எனப்படும் சிறு மீன்கள். விரல் நீளம், உள்ளங்கை நீளம் மட்டுமே உள்ள ஹாப்லோக்ரோமின் வகைகள். சந்தையில் அவற்றுக்கு விலையே இல்லை.

தொடாமல் கிடக்கும் பெருஞ்செல்வம் என்று அந்த எண் தோன்றியதில் வியப்பில்லை. 1970களின் நடுவில் தான்சானியாவின் முவான்சா அருகே நியெகேசியில் ஃபுருவை அரைத்துக் கோழித் தீவனமாக்கும் ஆலை வந்தது; இழுவலைக் கப்பல்கள் முவான்சா வளைகுடாவில் இறங்கின. சில ஆண்டுகளுக்குள் அங்கே ஃபுருவின் மீன்பாடு சரிந்தது. எண்ணியது தவறல்ல, எதை எண்ணினார்கள் என்பதில்தான் சிக்கல். 'ஃபுரு' என்பது ஒரு மீன் அல்ல. நானூறு, ஐந்நூறு இனங்கள் அந்தப் பெயருக்குள் இருந்தன. ஒன்று சேற்றுத் தரையில் புழுவைத் தின்னும், ஒன்று நத்தையை உடைக்கும், ஒன்று மற்ற மீனின் செதிலைப் பிய்த்துத் தின்னும். பல இனங்கள் குறிப்பிட்ட ஆழத்தையோ குறிப்பிட்ட தரையையோ விட்டு நகராதவை. பெண் மீன் சில பத்து முட்டைகளை மட்டுமே இட்டு வாயில் வைத்துக் காக்கும். இப்படிப்பட்ட மீனில், ஒரு வளைகுடாவில் கரைந்துபோன இனத்தை அடுத்த வளைகுடாவிலிருந்து வரும் மீன் நிரப்பாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எடையாக எழுதிய அட்டவணையில் இது தெரியாமல் போயிற்று.

எனவே எந்த ஏரியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு' என்பதல்ல. 'எது ஓர் அலகு' என்பது. ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்கி, ஒரே வேகத்தில் வளர்ந்து, ஒரே வகையில் பிடிபடும் கூட்டத்துக்கே உபரி என்ற கருத்து பொருந்தும். பல இனங்களைச் சேர்த்து எடுக்கும்போது, வேகமாகப் பெருகும் இனம் தாக்குப்பிடிக்கும். மெதுவாகப் பெருகும் இனம், மொத்த மீன்பாடு நன்றாக இருக்கும்போதே காணாமல் போகும். 1977 முதல் முவான்சாவில் பணியாற்றிய நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபுருவை இனம் இனமாகப் பிரித்துப் பதிந்தார்கள். இழுவலை போட்ட இடங்களில் நடந்த சரிவை அந்தப் பதிவுகளே காட்டின. அவர்கள் வேலை முடியுமுன் இன்னொன்று வந்துவிட்டது.

1950களின் நடுவிலிருந்து, கிரஹாமின் எச்சரிக்கையையும் மீறி, நைல் பேர்ச் என்ற பெரிய கொன்றுண்ணி மீன் ஏரியில் விடப்பட்டிருந்தது. இரண்டு மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் எட்டக்கூடியது. பெண் மீன் ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். இருபது ஆண்டுகள் அது அருகிய மீனாகவே இருந்தது. 1969–71 கணக்கெடுப்பில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் அகப்படவில்லை. 1970களின் இறுதியில் கென்யாவின் வளைகுடாவில் பெருகத் தொடங்கி, 1980களின் நடுவுக்குள் ஏரி முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஃபுரு இனங்களில் ஏறத்தாழ 200 மறைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மறுபுறம், 1970களில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டன்னாக இருந்த ஏரியின் மீன்பாடு, 1990 வாக்கில் ஐந்து லட்சம் டன்னை எட்டியது. கரையோரத்தில் துண்டு மீன் ஆலைகள் எழுந்தன. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. இத்தனைக்கும் அந்த மீன் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

அதை எண்ணியது மூன்றாவது கணக்கு. மூன்று நாடுகளும் 1994இல் விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பை நிறுவின; அதன் தலைமையகம் ஜிஞ்சாவில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் 1999இல் ஒலி அலைக் கணக்கெடுப்பு தொடங்கியது. கப்பலின் அடியிலிருந்து விநாடிக்கு 1,20,000 அதிர்வு கொண்ட ஒலித் துடிப்பு நேர் கீழே அனுப்பப்படும். மீனின் உடலில் ஒலியை மிகுதியாகத் திருப்புவது காற்றுப்பை. திரும்பி வரும் எதிரொலியின் நேரம் ஆழத்தையும், வலிமை மீனின் அளவையும் சொல்லும். திரையில் நைல் பேர்ச் தனித்தனிக் கீற்றுகளாகத் தெரியும். மேல்நீரில் திரளும் 'டாகா' என்ற சிறு மீன் கூட்டம் மேகம் போலப் படரும். நடுவே சிறு இறால்களின் மங்கலான படலமும் உண்டு. எது எது என்று உறுதிசெய்ய, இடையிடையே வலை இழுத்துப் பார்ப்பார்கள். 1999 முதல் 2001 வரை எடுத்த கணக்குகளின்படி ஏரியின் மொத்த மீன் சராசரியாக 20 லட்சம் டன்னுக்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் நைல் பேர்ச்.

ஒலிக்கும் எட்டாத இடங்கள் உண்டு. கப்பல் போக முடியாத கரையோர ஆழமற்ற நீர் கணக்கில் வராது. ங்கேகேயிலிருந்து வேறான நைல் திலாப்பியா வாழ்வது பெரும்பாலும் அங்கேதான். ஏரியடியை ஒட்டிக் கிடக்கும் மீனின் எதிரொலி தரையின் எதிரொலியில் கலந்துவிடும். பருவமும் குறுக்கிடும். பிப்ரவரியில் ஏரி நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. அடி அடுக்கில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே ஒதுங்குகின்றன. தென்கிழக்குக் காற்று வீசி நீர் கலந்த பிறகு, ஆகஸ்டில், அதே மீன்கள் அடிவரை பரவுகின்றன. இரு மாதங்களின் எண்களை அப்படியே ஒப்பிட்டால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். இத்தனை வரம்புகள் இருந்தும், ஒரே முறையில், ஒரே பாதையில், ஆண்டுதோறும் எடுக்கும்போது இந்தக் கணக்கு திசையைக் காட்டும். அதுவே இதன் உண்மையான பயன்.

திசை கீழ்நோக்கி இருந்தது. 2008 வாக்கில் நைல் பேர்ச்சின் மதிப்பீடு, கணக்கெடுப்பு தொடங்கிய காலத்து அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. பிந்திய ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. இதே காலத்தில் படகுகளையும் ஆட்களையும் எண்ணும் கணக்கெடுப்பும் நடந்துவந்தது. 2000இல் ஏறத்தாழ 1,30,000 மீனவரும் 42,000 படகுகளும். 2006இல் கிட்டத்தட்ட 2,00,000 மீனவரும் 69,000 படகுகளும். ஆறே ஆண்டில் நேர்ந்த இந்தப் பெருக்கத்தைப் பார்த்தால் காரணம் கண்முன் நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்களிடையே இதில் நீண்ட விவாதம் உண்டு. நோர்வேயின் யெப்பே கோல்டிங் முதலியோர் வேறொன்றைச் சுட்டினார்கள்: சுற்றுவட்ட வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வழிந்துவரும் பாஸ்பரஸால் ஏரி பசுமையாகி, உற்பத்தி பெருகி, அதுவே மீன்பாட்டைத் தூக்கி நிறுத்துகிறது, அதே சத்து மிகுந்தால் அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்து, மீனுக்கு வாழிடமே குறையும். இப்படியானால் மீனவரை மட்டும் கட்டுப்படுத்தி ஏரியைக் காக்க முடியாது.

இந்த விவாதம் கணிப்பின் அடித்தளத்தையே தொடுகிறது. ஷேஃபரின் வளைகோடு, ஏரி மாறாமல் இருக்கிறது என்று கொள்கிறது. நாற்பது ஆண்டுகளில் விக்டோரியா நிறம் மாறிவிட்டது. மாறிய ஏரிக்கு நேற்றைய உபரி பொருந்தாது. இரண்டு தரப்பிலும் சரியான பகுதி உண்டு என்பதே சான்றுகளைப் பார்க்கையில் தோன்றும் முடிவு. ஆனாலும் பாஸ்பரஸைக் குறைக்கப் பத்தாண்டுகள் ஆகும். வலையின் கண்ணை அடுத்த மாதமே மாற்றலாம். காரணம் முழுவதும் தெளியும்வரை காத்திராமல், மாற்றக்கூடியதை மாற்றுவதே விவேகம்.

கணிப்பு விதியாக மாறும் இடத்தில் உயிரியலோடு சந்தையும் சேர்ந்துகொள்கிறது. நைல் பேர்ச்சுக்கு 50 முதல் 85 சென்டிமீட்டர் வரை மட்டுமே ஆலைகள் வாங்கலாம் என்று விதி வந்தது. கீழ் எல்லை, சினை வைக்காத மீனைக் காக்க. மேல் எல்லைக்குத் தெளிவான உயிரியல் காரணம் உண்டு: ஆண் மீன் சுமார் அரை மீட்டர் நீளத்திலேயே முதிர்ந்துவிடும், பெண் அதைவிடப் பெரிதான பிறகே முதிரும், முட்டையின் பெரும்பகுதியைத் தருவது மிகப் பெரிய பெண் மீன்களே. வலையின் கண்ணால் கீழ் எல்லையைக் காக்கலாம். தூண்டிலில் மேல் எல்லையைக் காக்க வழியில்லை, பிடித்த பின் விட்டாலும் ஆழத்திலிருந்து இழுத்த மீன் பிழைப்பது அரிது. ஆலை வாசலில் விதி நின்றாலும் உள்ளூர்ச் சந்தையும் எல்லை கடந்த வணிகமும் மற்ற மீனை வாங்கிக்கொண்டன. பின்னர் நைல் பேர்ச்சின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் பெரும் விலை கிடைக்கத் தொடங்கியது. பெரிய மீனில் பெரிய பை என்பதால், காக்க வேண்டிய மீனே அதிக விலை மதிப்புள்ளதாகிவிட்டது. கட்டுப்பாடில்லாத மீன்பிடிப்பு இறுதியில் லாபமற்றதாகும் என்பது கிரஹாம் பிற்காலத்தில் வகுத்த விதி; புதிய விலை, அந்த இறுதியைத் தள்ளிப்போட்டு இருப்பை இன்னும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும்.

இன்று ஏரியின் மீன்பாட்டில், எடைக் கணக்கில், பாதிக்கும் மேல் டாகா. நெத்திலியை ஒத்த, விரலளவு வெள்ளி மீன் இது. உகாண்டாவில் 'முக்கேனே', கென்யாவில் 'ஒமேனா'. நிலவில்லாத இரவுகளில் விளக்கை மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்குக் கூடும் மீனை நுண்கண் வலையால் வளைத்து எடுக்கிறார்கள். விடிந்ததும் கரை மணலிலும் பழைய வலைகளின் மீதும் பரப்பிக் காயவைக்கிறார்கள். ஏழைக் குடும்பங்களின் தட்டுக்கு வரும் மீன் பெரும்பாலும் இந்தக் கருவாடுதான். ஓராண்டு, அதற்குச் சற்று மேல் மட்டுமே வாழும் மீன் என்பதால் இயற்கை இறப்பு வீதம் மிக அதிகம். கல்லண்டின் சூத்திரப்படி, இருக்கும் எடையைப் போல் ஒரு மடங்கோ அதற்கு மேலோ ஆண்டில் எடுக்கலாம் என்றுகூட விடை வரும். இத்தனை கடும் பிடிப்பையும் தாங்கி டாகா நின்றுவருவது அந்த வேகத்தால்தான். ஆனால் இங்கே தவறு நேர்ந்தால் ஈடுகட்டப் பல வயது மீன்கள் இருப்பில் இல்லை. ஒரு பருவம் குஞ்சு பிழைக்காவிட்டால் அடுத்த ஆண்டே வலை வெறுமையாகும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண் தடைசெய்யப்பட்டிருந்தாலும் 5 மில்லிமீட்டர் வலை புழக்கத்தில் இருக்கிறது. கரையோரமாக அதை வளைக்கும்போது நைல் பேர்ச், திலாப்பியா குஞ்சுகளும் சேர்ந்தே வருகின்றன.

சிறு மீனையும் பெரிய மீனின் குஞ்சையும் பிரித்துப் பிடிக்க முடியுமா என்ற இதே கேள்வி இலங்கையின் பாசனக் குளங்களிலும் எழுந்தது. அங்கே 1952இல் விடப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியாவே வணிக மீன். உள்நாட்டுச் சிறு கெண்டை வகைகள் பெருந்தொகையில் இருந்தும் பிடிக்கப்படாமல் கிடந்தன. சேன டி சில்வாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் சிறிய கண் செவுள் வலைகளைக் குளத்தின் பல பகுதிகளில் போட்டுப் பார்த்தார்கள். திலாப்பியாக் குஞ்சுகள் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் தங்குகின்றன. சிறு கெண்டைகள் கரையிலிருந்து தள்ளியும் கிடைக்கின்றன. கரையை விட்டு விலகிப் போட்டால் ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைப் பிடிக்கலாம் என்பது முடிவு. மொத்தம் எவ்வளவு டன் என்பதோடு நில்லாமல், எங்கே, எந்தக் கண்ணால், எந்த மீனோடு சேர்ந்து என்று கேட்டதால் கிடைத்த விடை இது. ஃபுருவுக்கும் 1970களில் இப்படிக் கேட்டிருக்கலாம்.

நல்ல கணிப்புக்குத் தேவையான செலவையும் இங்கே சொல்ல வேண்டும். விக்டோரியாவின் ஒலி அலைக் கணக்கெடுப்பு 2001இல் திட்ட நிதி முடிந்ததும் நின்றது. 2005இல்தான் ஏரி முழுவதற்குமாக மீண்டும் தொடங்கியது. படகும் வலையும் மிக வேகமாகப் பெருகிய ஆண்டுகள் அவைதாம். கரையில் இறங்கும் மீனை மூன்று நாடுகளும் ஒரே முறையில் எடைபோட்டுப் பதியும் ஏற்பாடும் ஒழுங்காக நிலைபெற்றது 2005க்குப் பிறகே. மூன்றாண்டுக்கு ஒரு முறை வெளிநாட்டு நிதியில் எடுக்கும் விரிவான கணக்கைவிட, உள்ளூர் ஊழியர்கள் மாதந்தோறும் சில கரைகளில் எடுக்கும் நீள அளவும், வலைக்கு எத்தனை மீன் என்ற பதிவும் பல சமயம் அதிகம் பயன்படுவது இதனால்தான். ஏரியைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறங்குதுறைகளில் 2000களில் மீனவர், வணிகர், படகு உரிமையாளர் அடங்கிய கரை மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. படகைப் பதிவதும் சட்டவிரோத வலையைத் தடுப்பதும் அவற்றின் பொறுப்பாயின. மீன்பாட்டைப் பதியும் களப்பணியிலும் அவற்றின் உறுப்பினர்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.